78,000 ரூபாயும் இருவழி மீட்டரும்

மொட்டை மாடியில் சோலார் போடுவது பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் எண் 78,000. ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்ட’த்தில் ஒரு வீடு பெறக்கூடிய அதிகபட்ச மானியம் அது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் ஏறாது. திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை 75,021 கோடி ரூபாய். 2026-27க்குள் ஒரு கோடி வீடுகள் என்பது இலக்கு. 2025 மார்ச்சில் பத்து லட்சம் வீடுகளைத் தொட்டுவிட்டதாக அரசு அறிவித்தது. குஜராத், மகாராஷ்டிரா, உத்தரப் பிரதேசம், கேரளா ஆகியவை முன்வரிசையில் நின்றன. தமிழ்நாடு அந்த வரிசையில் இல்லை.

வெயிலுக்கோ தொழில் தெரிந்தவர்களுக்கோ இங்கே பஞ்சம் கிடையாது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-லேயே வந்துவிட்டது. காற்றாலையில் இந்த மாநிலம் நாட்டுக்கே முன்னோடி. அப்படியிருந்தும் வீட்டுக் கூரைகள் வெறுமையாகக் கிடப்பதற்கு விழிப்புணர்வு போதவில்லை, அலுவலகங்களில் தாமதம் என்று வழக்கமான காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பெரிய காரணம் மின்கட்டண அட்டையிலேயே அச்சாகி இருக்கிறது. ஒரு வீட்டுக்கு உண்மையான ஊக்கத்தொகை ஒருமுறை வங்கிக் கணக்கில் வந்து விழும் மானியம் அல்ல. கூரையில் விளையும் ஒவ்வொரு யூனிட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில்லில் எவ்வளவு ரூபாயைக் குறைக்கிறது என்பதுதான் அது. அந்தத் தொகை வீட்டுக்கு வீடு மாறுகிறது. கொஞ்சநஞ்சமல்ல, பல மடங்கு மாறுகிறது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 2022 செப்டம்பரில் அமலான வீட்டு இணைப்புக் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜூலையில் அது 4.83 சதவீதம் ஏறியது. ஆனால் பழைய எண்கள் கணக்குக்கு வசதியானவை, முடிவும் மாறப்போவதில்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை எரிக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அட்டையே வேறு. 100 இலவசம் தொடரும், ஆனால் ரூ.2.25 சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை ரூ.4.50, அதன்பின் 6, 8, 9, 10 என்று ஏறி, 1,000-க்கு மேல் 11 ரூபாய்.

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். ஒரு கிலோவாட் அமைக்க 70,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கு 1,90,000 என்று வைத்துக்கொள்வோம். மானியம் போக வீட்டுக்காரர் கையிலிருந்து முறையே 40,000, 1,12,000. மீட்டர் கட்டணம் போன்ற சில்லறைகளை விட்டுவிடுகிறேன்.

முதல் வீடு 800 யூனிட் எரிக்கிறது. இரண்டு ஏசி, ஒரு வாட்டர் ஹீட்டர், பெரிய ஃபிரிட்ஜ். பில் 4,550 ரூபாய். மூன்று கிலோவாட் போட்டால் 720 யூனிட் விளையும். கம்பிக்குக் கொடுத்ததை வாங்கியதிலிருந்து கழிக்கும் இருவழி மீட்டரில் மிஞ்சுவது 80. அது இலவச வரம்புக்குள் வந்துவிடுவதால் பில் பூஜ்யம். ஆண்டுக்கு 27,300 ரூபாய் மிச்சம். போட்ட பணம் நான்கு ஆண்டில் திரும்பிவிடும். தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம்.

இரண்டாவது வீடு 300 யூனிட். மின்விசிறிகள், ஒரு ஃபிரிட்ஜ், டிவி, மோட்டார். பில் 675 ரூபாய். ஒரு கிலோவாட் போட்டால் மிஞ்சுவது 60 யூனிட். இவர்களுக்கும் பில் பூஜ்யம்தான். ஆனால் ஆண்டு மிச்சம் 4,050. நாற்பதாயிரம் திரும்பி வரப் பத்து ஆண்டு ஆகும். வங்கிக் கடனில் போட்டால் நிலைமை இன்னும் மோசம். 40,000 ரூபாயை 7 சதவீத வட்டிக்குப் பத்து ஆண்டுக் கடனாக வாங்கினால் தவணை மாதம் 464, இரண்டு மாதத்துக்கு 928. மிச்சமாகும் பில்லோ 675. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கையை விட்டு 253 ரூபாய் போட்டுப் ‘பசுமை’யாக இருக்கச் சொன்னால், அந்தக் குடும்பத் தலைவி மறுப்பதற்குப் பெயர் விழிப்புணர்வுக் குறைவு அல்ல, கணக்கு தெரிந்திருப்பது.

மூன்றாவது வீட்டில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. 560 யூனிட், ஒரே ஒரு ஏசி. பில் 2,430 ரூபாய். இவர்களும் ஒரு கிலோவாட்தான் போடுகிறார்கள். மிஞ்சும் யூனிட் 320. இப்போது 500-க்குக் கீழே இறங்கிவிட்டதால் சலுகை அட்டைக்கு மாறிவிடுகிறார்கள், பில் 765. அதே 240 யூனிட், அதே 40,000 ரூபாய். ஆனால் இரண்டு மாதத்துக்கு 1,665, ஆண்டுக்கு 9,990 ரூபாய் மிச்சம். 300 யூனிட் வீட்டைப் போல் இரண்டரை மடங்கு. மானியம் இரண்டு வீட்டுக்கும் ஒன்றே. லாபத்தைக் கூட்டியது 500 என்ற கோடு. சோலார் விற்பனைக்கு வருபவர்கள் பழைய பில்லைக் கையில் வாங்கி முதலில் யூனிட்டைப் பார்ப்பது இதனால்தான். 500-க்கு மேல் என்றால் பேச்சு தொடரும். 300 என்றால் மரியாதையாகக் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இதுவரை போட்டது வீட்டுக்காரரின் கணக்கு. அரசின் பையைத் திறந்து பார்த்தால் இன்னொன்று தெரியும். மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 400 யூனிட் வரை வைத்த விலை யூனிட்டுக்கு ரூ.4.50. இலவச யூனிட்டுக்கும் சலுகை யூனிட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மாநில அரசு மின்வாரியத்துக்குக் கட்டுகிறது. 300 யூனிட் வீட்டுக்கு அந்தத் தொகை சரியாக 675 ரூபாய். வீடு பாதி, அரசு பாதி. அந்த வீட்டில் ஒரு கிலோவாட் போட்டால் அரசு கட்ட வேண்டியது 60 யூனிட்டுக்கு 270 மட்டுமே. அரசுக்கு 405 ரூபாய் மிச்சம். 800 யூனிட் வீட்டில் மூன்று கிலோவாட் போட்டால் அரசுக்கு மிச்சம் 90 ரூபாய். 560 யூனிட் வீட்டில் மிச்சமே இல்லை, கூடுதல் செலவு: முன்பு 450 கட்டிய அரசு, அந்த வீடு சலுகை அட்டைக்குள் இறங்கி வந்ததால் 675 கட்ட வேண்டும்.

ஆக, எந்தக் கூரையில் தகடு போட்டால் மாநில அரசுக்கு மானியச் சுமை குறையுமோ, அந்தக் கூரைக்காரருக்கு அதில் ஆதாயம் இல்லை. யாருக்கு நல்ல ஆதாயமோ, அவர் போடுவதால் அரசுக்குப் பெரிதாக எதுவும் குறையவில்லை. போதாததற்கு, இதுவரை யூனிட்டுக்கு 8, 9 ரூபாய் கொடுத்து மற்றவர்களின் மலிவு மின்சாரத்துக்குத் தோள் கொடுத்துவந்த 800 யூனிட் வீடு, இப்போது ஏழைக்கென்று வைத்த இலவச 100 யூனிட்டுக்குள்ளேயே அடங்கி எதுவும் கட்டாத வீடாகிவிடுகிறது. சட்டப்படி அதில் தவறில்லை. 2016 மே மாதம் ஜெயலலிதா மீண்டும் பதவியேற்ற அன்று கையெழுத்திட்ட அந்த 100 யூனிட் சலுகை எல்லா வீடுகளுக்கும் பொது. ஆனால் அன்று அந்தக் கோப்பைத் தயாரித்தவர்கள், மாடியில் மூன்று கிலோவாட் வைத்த ஏசி வீட்டை மனதில் வைத்திருக்க மாட்டார்கள்.

மின்வாரியம் ஏன் இந்தத் திட்டத்தில் ஆர்வம் காட்டுவதில்லை என்பதும் இதிலேயே விளங்கிவிடுகிறது. 800 யூனிட் வீடு சோலாருக்குப் போனால் வாரியத்துக்கு இழப்பு, அரசு கட்டும் பங்கையும் சேர்த்து, இரண்டு மாதத்துக்கு 4,640 ரூபாய். யூனிட்டுக்கு ஏறக்குறைய ஆறரை ரூபாய். பதிலுக்குக் கிடைப்பது நண்பகல் மின்சாரம். வெளியிலும் மலிவாகக் கிடைக்கும் நேரம் அது. இரவு ஏழு மணிக்கு அந்த வீட்டு ஏசிக்குத் தேவையான மின்சாரத்தை வாரியம் வழக்கம்போல் ஏற்பாடு செய்து கொடுத்தாக வேண்டும். கம்பி, மின்மாற்றி, லைன்மேன் சம்பளம் எதுவும் குறையாது. நெட் மீட்டரிங் என்கிற ஏற்பாட்டின் உயிர்நாடி இங்கே இருக்கிறது: பகலில் கொடுத்த யூனிட்டும் இரவில் வாங்கிய யூனிட்டும் ஒன்றுக்கு ஒன்று சமம் என்று அது வைத்துக்கொள்கிறது. வீட்டுக்காரருக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. விநியோகம் செய்பவருக்கு அதைவிடக் கசப்பானதும் இல்லை.

இந்தச் சண்டை தமிழ்நாட்டில் விதிகளின் வழியே நடந்திருக்கிறது. 2012-ல் வந்த சூரிய மின்சக்திக் கொள்கை மூன்றே ஆண்டில் 3,000 மெகாவாட் என்று பெரிதாகக் கனவு கண்டது. வீட்டுக்கூரை உற்பத்திக்கு முதல் இரண்டு ஆண்டு யூனிட்டுக்கு 2 ரூபாய், அடுத்த இரண்டு ஆண்டு 1 ரூபாய், அதற்கடுத்த இரண்டு ஆண்டு 50 காசு என்று உற்பத்தி ஊக்கத்தொகை அறிவித்தது. பின்னர் முதலமைச்சரின் பெயரில் கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் மூலதன மானியமும், ஒன்றிய அரசு தருவதற்கு மேல், சேர்ந்தது. 2013 நவம்பரில் நெட் மீட்டரிங் ஆணை வந்தது. 2019-ல் இன்னொரு கொள்கை: 2023-க்குள் 9,000 மெகாவாட், அதில் 40 சதவீதம் நுகர்வோர் தரப்பிலிருந்து. அதே ஆண்டு ஒழுங்குமுறை ஆணையம் நெட் மீட்டரிங்கைக் கைவிட்டு ‘நெட் ஃபீட்-இன்’ முறைக்கு மாறியது. அதன்படி கம்பியிலிருந்து வாங்கும் யூனிட்டுக்கு முழு விலை. கம்பிக்குள் அனுப்பும் யூனிட்டுக்கு மிகக் குறைந்த விலை. பகலெல்லாம் வேலைக்குப் போய் வீட்டைப் பூட்டிவைக்கும் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது. 2021 அக்டோபரில் வந்த ஆணை வீடுகளுக்கு மட்டும் நெட் மீட்டரிங்கைத் திருப்பித் தந்தது. தகட்டின் ஆயுள் 25 ஆண்டு. 2019-ல் வந்த விதியின் ஆயுள் ஒரு சட்டமன்றத்தின் ஆயுளைக்கூடத் தொடவில்லை.

வீடுகளைக் கூரை மின்சாரத்துக்கு இழுத்ததில் ஜெர்மனி வெற்றிபெற்றது விதியின் ஆயுளை நீட்டித்தான். 2000-ல் இயற்றிய சட்டம், தகடு பொருத்திய ஆண்டில் உள்ள விலையை 20 ஆண்டுக்கு உறுதி செய்தது. புதிதாக வருபவர்களுக்கு விலை குறையும், பழையவர்களுக்கு மாறாது. அதற்கான பணம் எல்லோருடைய பில்லிலும் கூடுதல் கட்டணமாக ஏறி, 2017-ல் யூனிட்டுக்கு 6.88 சென்ட் வரை போய், 2022 ஜூலையில் ஒழிக்கப்பட்டது. இப்போது அரசு கஜானா ஏற்கிறது. பிரிட்டன் 2010 ஏப்ரலில் யூனிட்டுக்கு 41.3 பென்ஸ் என்று ஆரம்பித்து, கூட்டம் அலைமோதியதும் 2011 டிசம்பரில் 21 பென்ஸாகப் பாதியாக்கியது. வெட்டிய தேதி செல்லாது என்று வழக்கு போட்டு வென்றார்கள். 2019 மார்ச்சோடு திட்டம் புதியவர்களுக்கு மூடப்பட்டது.

நமக்கு மிக அருகில் இருக்கும் பாடம் இலங்கை. 2016 செப்டம்பரில் ‘சூர்ய பல சங்ராமய’ என்ற பெயரில் கூரை மின்சாரத் திட்டம் தொடங்கியது. மூன்று வகை ஏற்பாடு: யூனிட்டுக்கு யூனிட் கழிப்பது, மிச்சத்துக்குப் பணம் தருவது, விளைவது முழுவதையும் விலைக்கு வாங்குவது. விற்கும் யூனிட்டுக்கு முதல் ஏழு ஆண்டு 22 ரூபாய், எட்டாம் ஆண்டிலிருந்து இருபதாம் ஆண்டு வரை ரூ.15.50. அரசு மூலதன மானியத்தைக் காட்டி ஆளைப் பிடிக்கவில்லை. விலையைக் காட்டிப் பிடித்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் மணிக்கணக்கில் மின்வெட்டும், அதைத் தொடர்ந்து கட்டண உயர்வும் வந்தபோது வசதி உள்ளவர்கள் மாடிக்கு ஓடினார்கள். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று சிக்கியதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னதை உலகப் பத்திரிகைகள் நகைச்சுவையாக வெளியிட்டன. குரங்கு தொட்டதும் நாடே இருளும் அளவுக்கு வலைப்பின்னல் ஏன் பலவீனமாக இருந்தது என்பது அவ்வளவு நகைச்சுவையான கேள்வி அல்ல. விடுமுறை நாள், தேவை குறைவு, வெயில் உச்சம். கட்டமைப்பைத் தாங்கிப் பிடிக்கும் கனரகச் சுழலிகளின் பங்கு சுருங்கியிருந்தது. இரண்டே மாதத்தில் சித்திரைப் புத்தாண்டு வந்தது. ஏப்ரல் 13 முதல் 21 வரை பகலில் கூரைச் சோலாரை அணைத்து வைக்கும்படி மின்சார சபை வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. போடச் சொல்லி விலை கொடுத்த நாடு அணைக்கச் சொல்லி வேண்டுகோள் விடுத்தது.

இது திட்டத்தின் தோல்வி என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஊக்கத்தொகை எதற்குக் கொடுக்கிறார்களோ அதுதான் விளையும். நண்பகல் யூனிட்டுக்கும் மாலை யூனிட்டுக்கும் ஒரே விலை வைத்தால் நண்பகல் யூனிட்தான் குவியும். கலிஃபோர்னியா 2023 ஏப்ரலில் கம்பிக்கு அனுப்பும் மின்சாரத்தின் விலையைக் கடுமையாகக் குறைத்து வீடுகளைப் பேட்டரி பக்கம் தள்ளியது. ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டுக் கூரையில் தகடு வந்துவிட்டது. 2025 ஜூலையிலிருந்து அங்கே வீட்டுப் பேட்டரிக்கே தள்ளுபடி. தமிழ்நாட்டுக் கூரைகளில் இன்னும் அந்த நெரிசல் வரவில்லை. அதனால் இங்கே இப்போதைக்கு நெட் மீட்டரிங்கைத் தொட வேண்டியதில்லை. ஆனால் என்றைக்குத் தொடுவோம், பழையவர்களை எப்படி நடத்துவோம் என்று இன்றே எழுதிக் கொடுத்துவிடலாம்.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. மானியத் திட்டத்தில் போடும் அமைப்புகள் பெரும்பாலும் பேட்டரி இல்லாதவை. கரன்ட் போனால் அவையும் நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஆளுக்கு மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானாகவே துண்டித்துக்கொள்ளும். புயலுக்குப் பிறகு மூன்று நாள் கரன்ட் இல்லாத தெருவில், மாடி நிறையத் தகடு வைத்த வீடும் மெழுகுவத்தி ஏற்றித்தான் உட்கார்ந்திருக்கும். விற்பவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு வரும் பாதி வசவு குறையும். அதேபோல் தண்ணீர்த் தொட்டியின் நிழல். பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டி நிழல் ஒரு தகட்டின் மூலையில் விழுந்தால், தொடராக இணைத்த மற்ற தகடுகளின் விளைச்சலும் சேர்ந்து இறங்கும். துணி காயப்போட இடம் வேண்டும் என்று ஆளுயரத்துக்குச் சட்டம் அடித்துத் தகட்டை ஏற்றினால் செலவு கூடும். மானியம் அந்த இரும்புக்கெல்லாம் கூடாது.

மானியம் எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மானியம் வேண்டுமென்றால் உள்நாட்டில் செய்த மின்கலங்களைக் கொண்டு உள்நாட்டில் கட்டிய தகட்டைத்தான் போட வேண்டும். அது இறக்குமதிச் சரக்கைவிட விலை அதிகம். ஆகவே வீட்டுக்காரர் பெயரில் வரும் பணத்தில் ஒரு பங்கு உள்நாட்டு ஆலைகளுக்கான ஆதரவாகப் போய்விடுகிறது. அதுவும் ஒரு கொள்கைதான், நியாயங்களும் உண்டு. 2025 செப்டம்பரில் சூரியத் தகடுகளுக்கான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது சிறு ஆறுதல். 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்று 2024-ல் விதியைத் திருத்தியதை நான் அதைவிடப் பெரிய உதவி என்பேன். அலுவலகத்துக்கு ஒரு நடை குறைவது சில நேரம் ஐயாயிரம் ரூபாய் மானியத்துக்குச் சமம்.

வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இந்தத் திட்டத்தில் எதுவும் இல்லை. பில் கட்டுவது அவர், கூரை வேறொருவருடையது. அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு போன்ற பொது இணைப்புக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு. ஒவ்வொரு ஃபிளாட்டின் பில்லையும் குறைக்க மாடியில் இடம் போதாது.

ஏழை வீட்டுக் கூரையில் தகடு ஏற்ற இந்த மாநிலம் ஒருமுறை முயன்றது. 2011-ல் தொடங்கிய சூரிய சக்தி பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டோடு சூரிய ஒளியில் எரியும் ஐந்து சி.எஃப்.எல். விளக்குகளும் தந்தார்கள். ஒரு வீட்டுக்கு 1,80,000 ரூபாய், ஆண்டுக்கு 60,000 வீடுகள். ஐந்து விளக்குக்கு மேல் அந்தத் தகட்டுக்கு வேலை வைக்கவில்லை. கம்பியோடு இணைத்து, அந்த வீட்டுக்கான மானியச் சுமையைக் குறைக்கலாம் என்ற யோசனை அன்று யாருக்கும் எழவில்லை. நெட் மீட்டரிங் ஆணையே அப்போது இல்லை.

இன்று அந்த யோசனைக்குக் கணக்கு இடம் கொடுக்கிறது. 300 யூனிட் வீட்டுக்குத் திரும்பி வருவோம். ஒரு கிலோவாட்டால் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 675 ரூபாய் மிச்சம், மாநில அரசுக்கு 405. கூட்டினால் 1,080. கடன் தவணையோ 928. வீடு தனியாகக் கட்டினால் நட்டம். அரசு தனக்கு மிச்சமாகும் பணத்தில் 300 ரூபாயைத் தவணைக்குத் திருப்பிவிட்டால் வீட்டுக்கும் 47 ரூபாய் லாபம், அரசுக்கும் 105 ரூபாய் லாபம், பத்து ஆண்டு கழித்துத் தகடு சும்மா விளையும். புதிய வரி வேண்டாம், இலவச 100 யூனிட்டைத் தொட வேண்டாம். ராஜஸ்தான் தன் 2025 பட்ஜெட்டில் இலவச மின்சாரத்தை 150 யூனிட்டாக உயர்த்தும் வாக்குறுதியைக் கூரைத் தகட்டோடு இணைத்து அறிவித்தது இதற்குப் பக்கத்தில் வரும் சிந்தனை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. மூலதன மானியம் தருவது ஒன்றிய அரசு, கட்டணச் சலுகைக்குப் பணம் கட்டுவது மாநில அரசு, வருவாயை இழப்பது மின்வாரியம், கடன் கொடுப்பது வங்கி, விலையை நிர்ணயிப்பது ஆணையம். ஐந்து பேரேடுகள். 405 ரூபாய் மிச்சம் என்பது நிதித் துறையின் ஏட்டில் தெரியும். தவணை கட்டத் தவறியது என்பது வங்கியின் ஏட்டில் தெரியும். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும் அதிகாரம் இன்று எந்த அலுவலகத்திடமும் இல்லை. அது வரும்வரை விற்பனைக்காரர்கள் 500 யூனிட்டுக்கு மேல் எரியும் வீடுகளின் கதவைத்தான் தட்டிக்கொண்டிருப்பார்கள். சின்ன வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரில், வீட்டு வரி ரசீது பெரியப்பா பெயரில், வங்கிக் கணக்கு மருமகள் பெயரில் இருக்கும். மானியம் வேண்டுமானால் முதலில் இணைப்பின் பெயரை மாற்றியாக வேண்டும். அதற்கு வாரிசுச் சான்று, அதற்குத் தாலுகா அலுவலகம்.